டவுன் வளவில் கீரைப் பாத்தி போடுவதற்கு முன்

புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி என்று மட்டக்களப்பு டவுனைச் சுற்றி ஒரு துண்டு நிலம் உள்ளவர்களில் நிறையப் பேர் இப்போது கீரை வைக்கிறார்கள். கடைக் கீரை எந்தக் கானோரம் முளைத்தது என்று தெரியாது, வீட்டில் வைத்தால் மருந்தடிக்காத கீரை கிடைக்கும் என்ற எண்ணம்தான் காரணம். நல்ல எண்ணம், விட்டுவிடாதீர்கள். ஆனால் மருந்து அடிக்காததாலோ மாட்டெரு மட்டும் போட்டதாலோ மண்ணில் ஏற்கெனவே கிடக்கிற ஈயம், கட்மியம் என்ற நச்சுப் பார உலோகங்கள் போய்விடாது. இயற்கை முறை என்பது நாம் இனிமேல் என்ன போடுகிறோம் என்பதைப் பற்றியது, நமக்கு முன்னால் அந்த வளவில் யார் எதைக் கொட்டினார்கள் என்பது வேறு கணக்கு. டவுன் வளவில் கீரை வைப்பவர் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விதை வாங்குவது அப்புறம்.

பூச்சிமருந்து வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். பார உலோகம் சிதையாது. ஈயம் மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் நிறுத்தினார்கள், ஆனால் அதற்கு முந்திய பல பத்தாண்டுகள் பிரதான வீதியோரம் புகையோடு வந்து படிந்தது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பெயின்ற்றில் இவ்வளவுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முன்பு அடித்த எனாமல் பெயின்ற் உரிந்து விழுகிற பழைய கதவு, ஜன்னல், இரும்புக் கேற் உங்கள் வளவில் இருந்தால் அதன் அடிமண்ணைச் சந்தேகப்பட வேண்டும்.

கீரைக்குள் இது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லேசு. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேர் வழியாக உறிஞ்சி இலைக்குப் போவது. கட்மியம் இப்படித்தான் வரும், இலைக்கு ஏறுவதில் அது கெட்டிக்காரன், முளைக்கீரை இனங்கள் எல்லாம் அதை நன்றாகவே இழுக்கும். இன்னொன்று, மண்ணும் தூசியும் இலையில் ஒட்டுவது. ஈயம் பெரும்பாலும் இந்த வழியில் வருகிறது, ஏனென்றால் வேர் உறிஞ்சுகிற ஈயத்தில் பெரும்பகுதி வேரோடேயே நின்றுவிடும். ஆகவே ஈயத்துக்கு எதிராகச் செய்கிற வேலையெல்லாம் இலையில் மண் படாமல் பார்ப்பதும் கழுவுவதும். கட்மியத்தைக் கழுவி எடுக்க முடியாது, அது இலைக்குள்ளே இருக்கிறது, அதை மண்ணிலும் தண்ணீரிலும்தான் தடுக்க வேண்டும்.

ஒட்டுகிற மண் கொஞ்சம்தானே என்று நினைத்தால் ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். இலைக்கறிகளில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்று வையுங்கள், பழைய வீட்டுச் சுவரோரம் அது ஆச்சரியமான அளவு இல்லை. ஒரு கிலோ கீரையில் ஒரே ஒரு கிராம் மண், அதாவது கால் தேக்கரண்டிக்கும் குறைவான மண், ஒட்டியிருந்தால் அதிலேயே 0.3 மில்லிகிராம் வந்துவிட்டது. வேர் எதையும் உறிஞ்சாவிட்டாலும் வரம்பு முடிந்தது. மழை அடித்த பிறகு வல்லாரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலையின் அடிப்பக்கத்திலும் காம்பு சேருகிற இடத்திலும் அதைவிடக் கூடுதலாகவே மண் இருக்கும்.

வளவின் பழைய கதையைக் கேளுங்கள்

பரிசோதனைக்குக் காசு செலவழிக்க முன்னால் செய்யக்கூடிய வேலை இது. வளவில் நீண்டகாலம் இருந்தவர்களையும் பக்கத்து வீட்டு அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கேளுங்கள்: இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? கராஜ் இருந்ததா, பற்றரி திருத்தினார்களா, வெல்டிங் பட்டறை, பெயின்ற் அடிக்கும் இடம், பழைய இரும்புக் கடை ஏதாவது? கிணற்றடியில் மோட்டார் சைக்கிள் கழற்றித் திருத்தினார்களா? குப்பை எந்த மூலையில் கொளுத்தினார்கள்? வளவு தாழ்வாக இருந்து நிரப்பினார்கள் என்றால் அந்த மண் எங்கிருந்து வந்தது? 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் திரும்பக் கட்டிய வளவுகளில் உடைந்த கட்டட இடிபாடுகளோடு மண் போட்டு மட்டப்படுத்திய இடங்கள் உண்டு, அங்கே உடைந்த ஓட்டோடும் சீமெந்தோடும் சேர்ந்து பெயின்ற் பூசிய பலகைத் துண்டும் கீழே போயிருக்கும்.

நம் ஊருக்கென்று தனியாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: வீச்சுவலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு வீட்டில் உருக்கி ஊற்றினார்களா? வாவிக்கரையில் வலை வைத்திருக்கிற குடும்பங்களில் பழைய ஈயத்தைச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவது புதுப் பழக்கம் இல்லை. சிலர் பழைய பற்றரித் தகட்டையே உடைத்து உருக்குவார்கள். அப்படி உருக்கின அடுப்படியைச் சுற்றி மண்ணில் ஈயம் மிக அதிகமாக இருக்கும், பற்றரித் தகடென்றால் இன்னும் மோசம். அந்த இடத்தில் கீரை வேண்டாம், கிழங்கு வேண்டாம், கோழி கூட மேய விட வேண்டாம், பிள்ளைகள் விளையாடவே கூடாது. இப்போதும் உருக்குபவர்கள் இருந்தால் தயவுசெய்து வீட்டு வளவில் உருக்குவதை நிறுத்துங்கள். அந்தப் புகையையும் தூசியையும் முதலில் வாங்குவது முற்றத்தில் தவழுகிற பிள்ளை.

கேட்டு முடிந்ததும் மண்வெட்டி எடுங்கள். பாத்தி போட நினைத்த இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு நேராகக் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் செதுக்கி, வெயில் படும்படி பாருங்கள். நல்ல கரையோர வளவென்றால் மேலே கொஞ்சம் கறுத்த மண், அதற்குக் கீழே வெளிர் மணல், இடைக்கிடை சிப்பித் துண்டு, அவ்வளவுதான். அதற்குள்ளே கறுப்புப் பட்டையாகச் சாம்பல் படை, கம்பித் துண்டு, டோர்ச் பற்றரியின் கரிக்கோல், பச்சை நீலப் பெயின்ற் செதில், உருகின பிளாஸ்ரிக், டீசல் மணம் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்தக் குழியை மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் மண் சுத்தம் என்று ஆகிவிடாது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கீரை வைக்காமல் விடுவதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை.

எங்கே எதை வைப்பது

பழைய சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர், முடிந்தால் இரண்டு மீற்றர் தள்ளுங்கள். பெயின்ற் செதிலும் கூரைத் தண்ணீரும் விழுகிற பட்டை அதுதான். தகரக் கூரையிலிருந்து வடிகிற தண்ணீரில் நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்) வரும், பழைய பெயின்ற் பூசிய தகரமென்றால் ஈயமும் வரலாம். திருகோணமலை வீதி, கல்முனை வீதி போன்ற பிரதான வீதிக்கு முகம் பார்த்த வளவென்றால் கீரையை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், முன்வேலியில் அடர்த்தியாக ஒரு செடிவேலி விடுங்கள், இலை தூசியைப் பிடிக்கும். வீதியோரத்து முருங்கையில் இலை ஒடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காய் பரவாயில்லை, இலை வேண்டாம்.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி உலோகத்தை எடுப்பதில்லை. இலைக்கறியும் கிழங்கும்தான் கூடுதலாக எடுக்கும்: முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், கரட், பீற்றூட், வற்றாளை. காயாகப் பறிக்கிறவற்றில் மிகக் குறைவு: வெண்டி, பயற்றங்காய், பாகல், புடோல், தக்காளி, மிளகாய், பூசணி. அதனால் சந்தேகமான மண்ணை வெறுமையாக விட வேண்டியதில்லை, அங்கே பந்தல் போட்டுப் பாகலோ பயற்றையோ விடுங்கள், சுவரோரம் மல்லிகையும் செவ்வரத்தையும் வையுங்கள், மிச்சமிருக்கிற நல்ல மண்ணைக் கீரைக்கு ஒதுக்குங்கள். ஒரு சின்ன வளவில் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் இதுதான், ஒரு சதம் செலவில்லை.

கானோரம் தானாக முளைக்கிற கங்குனும் பொன்னாங்காணியும் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். பறிக்காதீர்கள். கராஜ் எண்ணெயும் கடைத்தெருக் கழிவும் வந்து தங்குகிற சேறு அது, அந்தச் சேற்றில் நிற்கிற தண்டு அதைத்தான் குடிக்கிறது. கொழும்புப் பக்கச் சந்தைகளில் விற்கிற இலைக்கறிகளைச் சோதித்த ஆய்வுகளிலும் ஈயமும் கட்மியமும் வரம்புக்கு மேல் வந்திருக்கின்றன. சந்தையில் வாங்கும்போது, இது எந்தப் பக்கத்துக் கீரை, தண்ணீர் எங்கேயிருந்து என்று கேளுங்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து சைக்கிளில் கொண்டுவருகிற அம்மாவோ ஐயாவோ சந்தோசமாகச் சொல்வார்கள்.

சவர்த் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

வீட்டுத் தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்கு இது மிக முக்கியம் என்பது என் அபிப்பிராயம். ஆடி, ஆவணியில் கல்லடி, நாவற்குடாப் பக்கம் நிறையக் கிணறுகள் சவர்த்துப் போகும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் கீரை வாடும், நுனி கருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், உப்பில் இருக்கிற குளோரைட் மண் துகளில் ஒட்டியிருந்த கட்மியத்தைத் தன்னோடு சேர்த்துக் கரைத்து விட்டுவிடும், வேர் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். தென் ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கில் கட்மியம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடிப் பார்த்தபோது, உப்புத் தண்ணீர் பாய்ச்சிய தோட்டங்களில்தான் அது கூடுதலாக இருந்தது. மண்ணில் கட்மியம் பெரிதாக இல்லாவிட்டாலும் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் கூடலாம்.

நம் மண்ணும் இதற்குத் துணை போகிறது. களிமண்ணும் உக்கலும் உலோகத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும். கரையோர மணலில் இரண்டும் குறைவு, அதனால் இருக்கிற கொஞ்சமும் வேருக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கும்.

ஆகவே கோடையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புத் தெரிந்தால் அது கீரைக்கு வேண்டாம், தென்னைக்கு ஊற்றுங்கள். கீரைக்குக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ விடுங்கள், அது கட்டுப்படியாகாது என்றால் கோடையில் கீரைப் பாத்தியைக் குறைத்து நாலு உரப்பையோடு நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் பிடிக்கும்போது முதல் மழையின் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள், கூரையில் படிந்த தூசியெல்லாம் அதில்தான் வரும்.

பாத்தியை மேலே கட்டுவது

மண்ணில் நம்பிக்கை இல்லாவிட்டால் அதைத் திருத்த முயல வேண்டாம், அதற்கு மேலே கட்டுங்கள். சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும், வெட்டிவேர் வைத்தால் மண் சுத்தமாகிவிடும் என்று படிப்பீர்கள். அந்தச் செடிகள் வீட்டு வளவில் ஒரு போகத்தில் எடுக்கிற ஈயம் மண்ணில் இருப்பதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, உங்கள் ஆயுளில் முடிகிற வேலையும் இல்லை.

நிலத்தில் பழைய நைலோன் அரிசிப் பையைப் பிரித்து இரண்டு படையாக விரியுங்கள். தண்ணீர் வடியும், கீழ்மண் மேலே கலக்காது, மண்புழுவும் வேரும் கீழே போவது குறையும். சுற்றிவர புளொக் கல்லோ தென்னங்குற்றியோ வைத்து முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நல்ல மண் நிரப்புங்கள். கீரைக்கு அவ்வளவு ஆழம் போதும். இடம் இல்லையென்றால் உரப்பையும் பழைய சாப்பாட்டு வாளியும் போதும். ஒன்றை மட்டும் கட்டாயம் தவிருங்கள்: ரயர். பழைய ரயரைத் திருப்பி, பெயின்ற் அடித்து, அதில் கீரை வைக்கிற படங்கள் எங்கும் வருகின்றன. ரயர் றப்பரில் நாகம் நிறைய இருக்கிறது, அதோடு கட்மியமும் கொஞ்சம் வரும், வெயிலில் வெடித்து மண்ணோடு சேரும், மேலே அடித்த பெயின்ற் வேறு. பூச்செடிக்கு வையுங்கள், சாப்பிடுகிற செடிக்கு வேண்டாம். அதுபோல பழைய பெயின்ற் வாளி, பற்றரிப் பெட்டி, பச்சை நிறமாக மருந்தேற்றிய பலகை எதுவும் வேண்டாம்.

நிரப்புகிற மண்தான் முக்கியம். லொறியில் மேல்மண் ஏற்றிவருபவரிடம் எங்கே வெட்டியது என்று கேளுங்கள், வீதி அகலிப்பில் வழித்த மண்ணென்றால் வாங்காதீர்கள், கான் துப்புரவாக்கிய மண்ணென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். நல்ல மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு என்பது நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கிற கலவை. மாட்டெருவுக்குப் பஞ்சமில்லை, அரிசி ஆலைகளும் உமியும் தாராளம். உக்கலும் கரியும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாகப் போட்டுக்கொண்டே இருங்கள். குப்பையிலிருந்து செய்த கூட்டெரு வாங்கினால் உக்குகிற குப்பையை வீடுகளிலேயே பிரித்து எடுத்துச் செய்ததா என்று கேளுங்கள். எல்லாக் குப்பையையும் ஒன்றாகப் போட்டு உக்க வைத்து அரித்ததென்றால் பற்றரியும் பெயின்ற்றும் அதற்குள்ளே இருந்திருக்கும்.

சாம்பல் விஷயம். அடுப்புச் சாம்பலைக் கீரையில் தூவுவது நம் வீடுகளில் எப்போதும் உள்ளது, விறகுச் சாம்பலென்றால் அளவாகத் தூவுங்கள், அது மண்ணின் புளிப்பையும் குறைக்கும். ஆனால் வளவைக் கூட்டி, பொலித்தீன், பால்மாப் பக்கெற், மருந்துப் பெட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றோடும் கொளுத்திய குப்பைச் சாம்பலை ஒருநாளும் பாத்தியில் போடாதீர்கள். எரிந்தது பிளாஸ்ரிக், மிஞ்சியது அதில் சாயத்துக்கும் உறுதிக்கும் சேர்த்த உலோகம், அது சாம்பலில் செறிந்து நிற்கும்.

மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பி.எச். அளவு 6.5க்கும் 7க்கும் இடையில் இருந்தால் ஈயமும் கட்மியமும் கரையாமல் அடங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க மண்ணின் புளிப்புக் கூடி இரண்டும் கரைந்து வரும். அப்படிக் குறைந்திருந்தால் விவசாயக் கடையில் கிடைக்கிற டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி, சுமார் 100 கிராம், போட்டுக் கொத்தி, தண்ணீர் விட்டு, இரண்டு கிழமை கழித்து நடலாம். ஆனால் பார்க்காமல் போடாதீர்கள். கடற்கரைப் பக்கத்து மணலில் சிப்பித் தூள் கலந்து ஏற்கெனவே காரமாக இருக்கும், அங்கே டொலமைட் போட்டால் கீரை மஞ்சளாகிப் போகும். பி.எச். தாள் வாங்கிப் பாருங்கள், அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு பிடி மண் கொண்டுபோய்க் கேளுங்கள்.

டீ.எஸ்.பி. போன்ற பொஸ்பேற் பசளையில் கட்மியம் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும், எந்த நாட்டுப் பாறையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். நாலு பாத்திக் கீரைக்கு அது தேவையே இல்லை, மாட்டெருவே போதும்.

வெட்டுவது, கழுவுவது

பாத்திக்கு மேல் மூடாக்காக வைக்கோலோ தும்போ பரப்பிவிடுங்கள். மழைத்துளி விழுந்து மண் தெறித்து இலையில் ஒட்டுவதை அதைவிட நன்றாக வேறு எதுவும் தடுக்காது. தண்ணீரை இலைக்கு மேலே பீய்ச்சாமல் அடியில் ஊற்றுங்கள். கீரையை வேரோடு பிடுங்காமல் நிலத்திலிருந்து நாலு விரல் மேலே விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். நிலத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற அடி இலை, பழுத்த இலை எல்லாம் கழித்துவிடுங்கள். படர்ந்து கிடக்கிற வல்லாரையும் பொன்னாங்காணியும் மற்றக் கீரையைவிடக் கூடுதலாக மண் சுமக்கும், வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாகவே சாப்பிடுகிறோம் என்பதால் அதற்கு இரட்டைக் கவனம் தேவை.

கழுவும்போது கட்டோடு தண்ணீரில் முக்கி எடுத்தால் நடுவில் இருக்கிற மண் அப்படியே இருக்கும். கட்டை அவிழ்த்து, காம்பு காம்பாகப் பிரித்து, பெரிய பேசினில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைத் தூக்கி எடுத்த பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றினால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரையில் வந்து உட்காரும். பேசினின் அடியில் விரலால் தடவிப் பார்த்து மண் நறநறக்காத வரைக்கும், குறைந்தது மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீருக்கு முன் ஒரு லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி வினாகிரி விட்டுக் கொஞ்ச நேரம் வைத்து அலசினால் ஒட்டிய தூசி இன்னும் நன்றாகக் கழன்று வரும். உப்பும் மஞ்சளும் போட்டு ஊற வைப்பது புழுவுக்கும் பூச்சிக்கும் சரி, இலைக்குள் போன கட்மியத்தை அது ஒன்றும் செய்யாது, அவித்தாலும் வதக்கினாலும் உலோகம் அழியாது.

ஒரே பாத்திக் கீரையையே வருடம் முழுக்கச் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், இன்று முருங்கையிலைச் சுண்டல், நாளைக்கு அகத்தி, இன்னொரு நாள் படுவான்கரைக் கீரை. கட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் பாதி வெளியேறவே பத்து வருடம் முதல் முப்பது வருடம் வரை எடுக்கும், அதனால் ஒரு நாள் சாப்பாட்டைவிட ஒரே இடத்திலிருந்து நெடுங்காலம் சாப்பிடுவதுதான் கவனிக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டுக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையின் உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே சுத்தமான கீரை, பால், நெத்தலி எல்லாம் பிள்ளைக்குப் பாதுகாப்புத்தான்.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கீரையைவிட முற்றம் பெரிய விஷயம், மண் படிந்த கையை வாயில் வைப்பதால் போகிற ஈயம் கீரையால் போவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காலையில் முற்றம் கூட்ட முன் தண்ணீர் தெளியுங்கள், வெறும் மண்ணாகக் கிடக்கிற இடத்தில் புல் விடுங்கள் அல்லது தும்பு பரப்புங்கள், தோட்டத்துச் செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

மாரிவெள்ளம் வந்து போன பிறகு

கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டி, வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டும் வரைக்கும் தண்ணீர் வளவுக்குள் நிற்கும் வருடங்கள் இருக்கின்றன. கான் தண்ணீரும் கராஜ் எண்ணெயும் மலசலகூடக் குழியும் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்து பாத்தியில் ஒரு மெல்லிய சேற்றுப் படையை விட்டுப் போகும். வெள்ளத்தில் மூழ்கிய கீரையைச் சாப்பிட வேண்டாம், பிடுங்கிப் போடுங்கள். மண் காய்ந்து வெடிப்பு விட்டதும் அந்தச் சேற்றுப் படை தனியாகக் கழன்று வரும், மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றரைச் சுரண்டி எடுத்து, பூச்செடிப் பக்கம் போட்டு மூடுங்கள். பிறகு எருவும் உமிக்கரியும் புதிதாகப் போட்டுத் தொடங்கலாம். அடுத்த மாரிக்கு முன் பாத்தியை இன்னும் ஒரு கல் உயர்த்துவது நல்லது.

பரிசோதிக்க வேண்டுமென்றால்

வளவின் கதையில் கராஜ், பற்றரி, ஈயம் உருக்கியது ஏதாவது வந்தால் காசைப் பார்க்காமல் பரிசோதியுங்கள். சுவரோரம், வீதிப்பக்கம், நடுவளவு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில் பதினைந்து சென்ரிமீற்றர் ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்ரிக் வாளியில் போட்டுக் கலந்து (தகர வாளி வேண்டாம், அதிலிருந்தே நாகம் வரும்), கல்லும் வேரும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் புதுப் பொலித்தீன் பையில் கட்டி, இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடமென்றால் மேலே இரண்டு சென்ரிமீற்றர் மண் மட்டும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் காசுக்குச் சோதித்துத் தரும். அனுப்ப முன் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஈயம், கட்மியம், ஆர்சனிக் மூன்றின் மொத்த அளவோடு பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்துதிறன் சொல்லிவிடும்.

முடிவு வந்தால் எப்படிப் பார்ப்பது? இயல்பான மண்ணில் ஈயம் கிலோவுக்கு இருபது, முப்பது மில்லிகிராம் அளவில் இருக்கும், கட்மியம் அரை மில்லிகிராமுக்குக் கீழே. ஈயம் 100க்குக் கீழே என்றால், மூடாக்குப் போட்டு நன்றாகக் கழுவி நிலத்திலேயே கீரை வைக்கலாம் என்பது நான் வைத்திருக்கிற அளவு. 100க்கும் 200க்கும் இடையில் கீரையும் கிழங்கும் உயர்த்திய பாத்தியில், காய்வகை நிலத்தில். அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணுக்கு நெடுங்காலம் 400 என்றிருந்த எச்சரிக்கை அளவை 2024இல் 200 ஆக இறக்கினார்கள், அதனால் 200க்கு மேல் வந்தால் அந்த மண்ணில் சாப்பாட்டுக்கு எதுவும் வேண்டாம், புல்லோ கொங்கிறீற்றோ போட்டு மூடிவிட்டு உரப்பையில் வையுங்கள். கட்மியத்துக்கு, கழிவுச்சேறு இடுகிற விவசாய நிலத்தில் 1 முதல் 3 வரை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. நம் மணலுக்கும் சவர்த் தண்ணீருக்கும் 1 வந்தாலே கீரையை மேலே ஏற்றிவிடுவேன்.

அளவு கூடுதலாக வந்து, வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் முடிவுத் தாளோடு வைத்தியரிடம் போய் இரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அறிகுறி வரும் வரை காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மண் முடிவுத் தாளைப் பக்கத்து வளவுக்காரருக்கும் காட்டிவிடுங்கள், ஒரே கானும் ஒரே வெள்ளமும் போகிற வரிசையில் அவர்களுடைய மண்ணும் அதேபோல இருக்கலாம்.